இரையாத கிதார்

கஞ்சிக்கோட்டில் நான் வேலை பார்த்த டிரான்ஸ்ஃபார்மர் கம்பெனியில் இப்போது கம்பி சுற்றுவது முழுக்க மெஷின்தான். எத்தனை சுற்று என்று திரையில் தட்டிவிட்டால் அதுவே சுற்றி, அதுவே நின்று, தப்பு நேர்ந்தால் அதுவே கூவுகிறது. இதைப் பற்றி நான் மூக்கைச் சிந்துவேன் என்று நினைத்துத்தான் வைண்டிங் பிரிவுப் பெண்கள் ஆண்டுவிழா மலருக்குக் கட்டுரை கேட்டு எலப்புள்ளியில் என் வீட்டுக்கு வந்தார்கள். எனக்கு அப்படி வருத்தம் எதுவும் இல்லை. மெஷின் எங்களைவிட ஒழுங்காகவே சுற்றுகிறது. கழுத்து வலி இல்லாமல் ரிட்டையர் ஆகப்போகிற அந்தப் பெண்களைப் பார்த்தால் பொறாமைதான் வருகிறது.

"ஏனுங்க சரசக்கா, சுத்தி முடிச்ச காயில எடுத்துப் பாத்து, இன்னார் கைதான்னு சொல்லிப் போடுவீங்களாமா, நெசமுங்களா?" என்று அவர்களில் ஒருத்தி கேட்டாள். நெசம்தான். ஆனால் அது பெருமைக்குரிய விஷயமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்படிச் சொன்னதால் ஒருமுறை என்ன நடந்தது என்பதையே எழுதுகிறேன்.

நான் கம்பி பிடித்தது என் மாமாவின் கடையில். எலப்புள்ளிக் காட்டுக் கிணறுகளில் எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றிக் காயில் கட்டும் கடை அது. படிப்பு பத்தோடு நின்றதும் அங்கே உட்கார்ந்தேன். பிறகு கம்பெனியில் ஆள் எடுத்தபோது, கம்பி தெரிந்த பெண் என்று சேர்த்துக்கொண்டார்கள். என் படிப்பு, பயிற்சி எல்லாம் இவ்வளவுதான்.

கம்பெனியில் எனக்கு மேலே இருந்தவர் ஃபோர்மேன் சேகரேட்டன். ஏட்டன் என்றால் மலையாளத்தில் அண்ணன். அவர் திட்டி நான் கேட்டதே இல்லை. தப்பான காயிலைக் கொண்டுவந்து, தப்பு நடந்த இடம் நம்மைப் பார்க்கும்படி மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவார், அவ்வளவுதான். நாம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். பேசாமல் இரண்டு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்று எனக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது.

பழுதான காயில் எது வந்தாலும் அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். தொடக் கூடாது. அடுத்து மோந்து பார்க்க வேண்டும், வார்னிஷ் எரிந்த வாசனையும் ஈரத்தில் கெட்ட வாசனையும் வேறு வேறு. அதன் பிறகு நகத்தால் லேசாகத் தடவ வேண்டும். மீட்டர் கடைசியில்தான். முதலிலேயே மீட்டரை வைத்துவிட்டால், எண்ணைப் பார்த்த பிறகு கண் எதையும் பார்க்காது என்பார்.

சோதித்த காயிலில் கட்டுவதற்கு எங்களிடம் மூன்று வகைச் சீட்டு இருந்தது. நல்லது, கெட்டது, சந்தேகம். இந்த மூன்றாவது சீட்டு எங்களுக்கு ரொம்ப வசதி. கெட்டது என்று எழுதினால் சுற்றிய பெண்ணுக்கு மனசு கஷ்டப்படும், மேலே விளக்கம் சொல்ல வேண்டும். சந்தேகம் என்று கட்டிவிட்டால் யாருக்கும் தொல்லை இல்லை. சேகரேட்டன் அந்தச் சீட்டை எடுத்து நம் முன்னால் ஆட்டி, தமிழும் மலையாளமுமாக ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "சம்சயம் உனக்கா, காயிலுக்கா?" நமக்குத்தான் என்றால் போய் மறுபடி பார்க்க வேண்டும். காயிலுக்குத்தான் என்றால் நிரூபிக்க வேண்டும். சும்மா தப்பித்துக்கொள்வதற்காக அந்தச் சீட்டை நான் கட்டியது அதோடு நின்றது.

கிதார் என் வாழ்க்கையில் வந்ததும் அவர் வழியாகத்தான். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து மாதா கோயில் பாட்டுக்காரர் ஒருவர் தன் எலக்ட்ரிக் கிதாரைக் கொண்டுவந்து அவரிடம் காட்ட, அவர் என்னைக் கைகாட்டிவிட்டார். எலக்ட்ரிக் கிதாரின் உயிர், தந்திகளுக்குக் கீழே இருக்கிற ஒரு சின்னப் பெட்டியில். பிக்கப் என்பார்கள். காந்தமும், தலைமுடியைவிட மெல்லிய கம்பியில் சுற்றிய காயிலும் அதற்குள் இருக்கும். தந்தி அதிர்வதை அது மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். கம்பி எங்காவது அறுந்தால் கிதார் ஊமை. அந்தக் கிதாருக்குப் பேச்சு வந்ததும், கோயமுத்தூர் வரை பெயர் பரவி, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊட்டுக்கு ஊமைக் கிதார்கள் வர ஆரம்பித்தன. எனக்குப் பாட்டு ஒன்றும் தெரியாது. இன்றைக்கும் எந்தத் தந்திக்கு என்ன பெயர் என்று கேட்டால் விழிப்பேன்.

இனி ரோஸ்லின். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ரிட்டையர் ஆகும்வரை கம்பி சுற்றியவள். இடுக்கி மலையில் எஸ்டேட்டில் பிறந்து, பிறகு மறையூருக்கு வந்து, அங்கிருந்து வேலைக்காகக் கஞ்சிக்கோடு வந்தவள். அம்மாவைப் பற்றி, தம்பியைப் பற்றி, மறையூர் வெல்லத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவாள். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை வராது. கேட்டால், "இறந்துட்டாருக்கா" என்பதோடு சரி.

ரிட்டையர் ஆகி சில வருஷம் கழித்து ஒருநாள் காலையில் போனை நீட்டிக்கொண்டு வந்தாள். அதில் ஒரு படம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய எலக்ட்ரிக் கிதார், கீழே பலகையில் 'துரை அவர்கள் நம் கோயிலுக்கு அளித்த வெளிநாட்டுக் கிதார்' என்று எழுதியிருந்தது.

"எங்க எஸ்டேட் கோயில்தான்க்கா. உடும்பஞ்சோலை தாண்டி. இந்தக் கிதாராலதான் எங்கப்பாவத் திருடன்னாங்க," என்றாள்.

அன்றைக்குத்தான் முழுவதும் சொன்னாள். அவள் அப்பா சவரிமுத்து, அந்த எஸ்டேட்டின் தேயிலை ஃபாக்டரியில் எலக்ட்ரீஷியன். எஸ்டேட்டில் மேனேஜரைத் துரை என்பார்கள். கடைசி வெள்ளைக்காரத் துரையிடம் ஒரு எலக்ட்ரிக் கிதார் இருந்தது. அவர் ஊருக்குத் திரும்பிப் போன பிறகு பங்களாவில் அதைக் காணவில்லை. அதே சமயத்தில், தொழிலாளர் வரிசையில் சவரிமுத்துவின் லயத்து வீட்டில் ஒரு எலக்ட்ரிக் கிதார் பாடியது. நானே செய்தது என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. கிதார் எஸ்டேட் ஆபீஸுக்குப் போய், அங்கிருந்து துரை பெயரில் கோயிலுக்குப் போனது. வேலையும் போனது, லயத்து வீடும் போனது. மறையூருக்கு வந்து கரும்புத் தோட்டங்களில் தண்ணி மோட்டார் பார்த்தார். கிதாரைக் கையால் தொடாமலே செத்துப்போனார்.

"துரையே எடுத்துட்டுப் போயிருப்பாருல்ல?" என்றேன்.

"யாரு போயி அவருகிட்டக் கேக்கறதுக்கா? இப்போ கோயில் விழாவுக்குப் பெரிய பெட்டி செய்யப் போறாங்க. அதுக்கு முன்னாடி நீங்க பாத்துச் சொல்லணும். அது எங்கப்பா செஞ்சதா, துரையோடதா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க. அம்மாவுக்கு வயசாயிருச்சு."

கோயில் கமிட்டிச் செயலாளர் பாக்கியநாதன் நல்ல மனிதர். போனில் பேசியபோதே, தாராளமாக வந்து பாருங்கள் என்றார். ஒரு விஷயமும் சொன்னார். கோயமுத்தூரில் பழைய இசைக் கருவிகள் விற்கிற ஒருவரிடம் அவர்கள் ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். உடம்பு சில்வர் ஓக் மரம், அது ஆஸ்திரேலிய மரம், அந்த மரத்தில் அந்த நாட்டில் ஒரு காலத்தில் கிதார் செய்திருக்கிறார்கள், ஆகவே இது வெளிநாடுதான் என்று அவர் சொல்லியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. எஸ்டேட்டில் திரும்பிய பக்கமெல்லாம் தேயிலைக்கு நிழலாக நிற்கிறது சில்வர் ஓக். ஆனால் யோசித்தால் அவர் சொன்னதும் பொய் இல்லை. ஒரே மரம் இரண்டு இடத்திலும் நிற்கிறது. மரத்தை வைத்து இந்த வழக்கு தீராது.

பொள்ளாச்சி, உடுமலை வழியாக மறையூர் போய், ரோஸ்லினின் அம்மா லூர்தம்மாவையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டோம். முட்டி வலி உள்ள மெலிந்த அம்மா. மூணாறு தாண்டும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"நீ பாத்தா ஒனக்குத் தெரிஞ்சிருமா தாயி?"

"பாக்கலாமுங்கம்மா. காயிலு நல்லா இருந்தாத் தெரியுமுங்க."

"எனக்கு அது தெரியணும். செத்தா அவுக மொகத்துல முழிக்கணும்ல," என்றார். கணவர் மேல் பாசத்தில் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

கோயிலை ஒட்டிய அறையில், மேஜையில் கம்பளி விரித்துக் கிதாரை வைத்திருந்தார்கள். லூர்தம்மா உள்ளே வரவில்லை. கோயில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன். பெயர் இல்லை, எண் இல்லை. கழுத்தில் சிப்பி பதித்து, பாலிஷ் போட்டு, பார்க்கக் கடைச் சரக்கு மாதிரிதான் இருந்தது.

பாக்கியநாதன் அதைப் பாட்டுக் குழுவின் ஆம்ப்ளிஃபயரில் சொருகினார். "இதக் கேளுங்கம்மா. இதுக்குத்தான் நாங்க எல்லாரும் வெளிநாடுன்னு சொல்றது."

எலக்ட்ரிக் கிதாரைச் சொருகினால், வாசிக்காமல் சும்மா இருக்கும்போதே ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வரும். சுற்றிலும் இருக்கிற கரண்ட்டை பிக்கப் இழுப்பதால் வருவது அது. மலங்காட்டு கரண்ட்டில் கேட்கவே வேண்டாம். பக்கத்தில் பாட்டுக் குழுவின் புதுக் கிதார் ஒன்று வண்டு மாதிரி இரைந்துகொண்டிருந்தது. பழைய கிதாரில் ஒன்றுமே இல்லை. தந்தியைத் தட்டினால் மட்டும் சத்தம். இப்படி இரைச்சலை அடக்குகிற பிக்கப் விலை உயர்ந்த கிதார்களில்தான் இருக்கும், அதற்கென்று இரண்டு காயில் வைத்து எதிரெதிராகச் சுற்றியிருப்பார்கள். எஸ்டேட் எலக்ட்ரீஷியன் ஒருவர் அந்தக் காலத்தில் அதை எங்கே பார்த்திருப்பார்? துரையுடையதுதான் என்று எனக்கே தோன்றிவிட்டது.

சின்னத் திசைகாட்டி ஒன்று என் பையில் எப்போதும் இருக்கும். பிக்கப்பில் ஒவ்வொரு தந்திக்குக் கீழும் ஒரு இரும்புக் குமிழ், மொத்தம் ஆறு. நான் பார்த்த பிக்கப்களிலெல்லாம், ஒரு வரிசையில் இருக்கிற குமிழ்களுக்கு மேலே முள் ஒரே பக்கம்தான் காட்டும். முதல் குமிழில் முள் வடக்கைக் காட்டியது. இரண்டாவதில் சட்டென்று திரும்பியது. மூன்றாவதில் மறுபடி திரும்பியது. ஆறாவது வரை இப்படித் திரும்பித் திரும்பியே போனது. முதல் குமிழிலிருந்து மறுபடி வைத்துப் பார்த்தேன், அதேதான். இப்படி மாற்றி மாற்றிக் காந்தம் நிற்பதை நான் மாமா கடையில் தினமும் பார்த்திருக்கிறேன். மோட்டாரில்.

மேல் தகட்டின் திருகுகளைக் கழற்றினேன். தகட்டின் உள்பக்கம் தகர டப்பாவின் பொன்நிறப் பூச்சு, டப்பாவை வெட்டிச் செய்த தகடு அது. உள்ளே ஒரு காயிலும் இல்லை, இரண்டு காயிலும் இல்லை, குமிழுக்கு ஒன்றாக ஆறு குட்டிக் காயில்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அடியில் மோட்டாருக்குப் போடும் தடித்த காகிதம், மேலே மோட்டார் காயிலைக் கட்டுகிற மெழுகு நூல், அதே முடிச்சு. இணைப்பைப் பார்த்தேன். முதல் காயிலின் முடிவு இரண்டாவதின் முடிவோடு, இரண்டாவதின் தொடக்கம் மூன்றாவதின் தொடக்கத்தோடு. ஆறு துருவம் உள்ள மோட்டாருக்கு இணைப்பு கொடுப்பது அப்படித்தான்.

கிதார் செய்யத் தெரிந்தவர் யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள். ஆறு குமிழையும் சேர்த்து ஒரே காயிலாகச் சுற்றுவார்கள். அது தெரியாத ஒருவர், காந்தம் என்றால் வடக்கு தெற்கு மாற்றித்தான் வைக்க வேண்டும், காயில் என்றால் இப்படித்தான் கட்ட வேண்டும் என்று, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் கட்டியிருக்கிறார். கிதாருக்கு அது தப்பு. ஆனால் அப்படி எதிரெதிராக இணைத்ததால், வெளியிலிருந்து வருகிற இரைச்சல் ஒரு காயிலில் ஏறி அடுத்த காயிலில் இறங்கிவிடுகிறது. தந்தியின் சத்தம் மட்டும் சேர்ந்துகொள்கிறது. எல்லோரும் எதை வைத்து வெளிநாடு என்றார்களோ, அந்த அமைதியே மோட்டார்க்காரர் தெரியாமல் செய்த தப்பிலிருந்து வந்தது.

ஒருவேளை துரையின் கிதாரில் பழைய பிக்கப்பைக் கழற்றிவிட்டு இவர் புதிதாகக் கட்டி வைத்திருப்பாரோ என்று பாக்கியநாதன் கேட்டார். நியாயமான கேள்வி. மரத்தில் தோண்டிய குழியை டார்ச் அடித்துப் பார்த்தேன். இந்த ஆறு காயிலுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் தோண்டியிருந்தது. வேறு திருகு ஓட்டை ஒன்றுகூட இல்லை. காயிலுக்குப் பூசிய வார்னிஷ் வெறும் மரத்தில் வழிந்து, அதன் மேல்தான் வெளிப் பாலிஷ் ஏறியிருந்தது. அதாவது பிக்கப் முதலில், பாலிஷ் பிறகு. அந்த வார்னிஷுக்குள் பழுப்பாக மெல்லிய நார் நாராகச் சிக்கியிருந்ததை நான் தூசி என்று நினைத்தேன். பாக்கியநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"தூசி இல்லம்மா. தேயிலப் பஞ்சு. தூள் சலிக்கற ரூம்ல பறக்கும். நான் அங்கதான் முப்பது வருசம் இருந்தேன்," என்றார். பிறகு நிமிர்ந்து, "சவரிமுத்து அண்ணன் ஃபாக்டரியிலயே உக்காந்து செஞ்சிருக்காரு," என்று மெதுவாகச் சொன்னார்.

ரோஸ்லின் அழுதுகொண்டே சிரித்தாள். திடீரென்று நிறுத்தி என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லல. கிதாரக் கொண்டுபோயி ஆபீஸ்ல குடுத்தது அம்மாதான். அப்பா ஃபாக்டரிக்குப் போயிருந்த நேரம், கட்டிலுக்கடியில இருந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. திருப்பிக் குடுத்துட்டா மன்னிச்சு விட்டுருவாங்கன்னு நெனச்சாங்க. பொண்டாட்டியே கொண்டாந்து குடுத்துட்டான்னு அதையே சாட்சியா வெச்சுட்டாங்க." கையைப் பிடித்துக்கொண்டாள். "வெளிய எல்லாருக்கும் அப்பா செஞ்சதுன்னே சொல்லுங்க. அம்மாகிட்ட மட்டும், உறுதியாத் தெரியலன்னு சொல்லிருங்க. இந்த வயசுல தாங்க மாட்டாங்கக்கா."

ஜீப்பில் அந்த அம்மா சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருக்கும் இத்தனை வருஷமாகத் தெரியாது. கணவர் திருடவில்லை என்று தெரிந்தால் நிம்மதி வரும், அந்த நிம்மதியே அவரைக் கொல்லும். சந்தேகம் என்று ஒரு சீட்டைக் கட்டிவிட்டு நான் ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம். என் கையில் அதுதான் இருந்தது. ஆனால் அந்தக் காயிலில் சந்தேகம் என்று எதுவுமே இல்லை. அவ்வளவு சுத்தமான வேலையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

நாங்கள் பேசிக்கொண்டு நின்றதை லூர்தம்மா பார்த்துவிட்டார். பெஞ்சைப் பிடித்து எழுந்து, காலை இழுத்து இழுத்து வந்து என் முன்னால் நின்றார்.

"என்ன தாயி, யாரு செஞ்சது?"

ரோஸ்லின் என் கையை இறுக்கினாள். நான் சொன்னேன். "உங்க ஊட்டுக்காரர் செஞ்சதுங்கம்மா. முழுசும் அவர்தானுங்க."

"எப்பிடிச் சொல்ற? அது இரையவே இரையாதே. ரேடியோப் பெட்டிகூட இங்க கொர்ருனு இரையும். அது மட்டும் கம்முனு இருந்துச்சு. இங்க செஞ்ச சாமான் அப்பிடி இருக்குமான்னுதான நான் நம்பல."

மோட்டார் கட்டிய பழக்கத்தில் அவர் கட்டியதால்தான் இரையவில்லை என்று எப்படியோ சொல்லி முடித்தேன். உள்ளே கூட்டிப்போய் ஆறு காயிலையும் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். தொடவில்லை.

"ஒரே ஒரு தடவதான் சொன்னாக, நான் செஞ்சதுதான் லூர்துன்னு. நான் பதில் சொல்லல. அப்புறம் சாகற வரைக்கும் அவுக அதப் பத்தி வாயத் தொறக்கல. என்னைய ஒரு சொல்லு சொல்லல," என்றார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. ரோஸ்லின்தான் சுவரில் சாய்ந்து அழுதாள். நான் செய்தது சரியா என்று அந்த நிமிஷம் கேட்டிருந்தால், பாவம் செய்துவிட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

பாக்கியநாதன் பலகையை எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டார். "அம்மா, இத இன்னைக்கே மாத்திடறோம். ஃபாக்டரி எலக்ட்ரீஷியன் சவரிமுத்து செய்த கிதார்னு எழுதிருவோம்."

"எழுதுங்க," என்றார் லூர்தம்மா. "அதுக்குக் கீழ, இதக் கொண்டாந்து ஆபீஸ்ல குடுத்தது அவர் பொஞ்சாதி லூர்தம்மாள்னும் எழுதுங்க."

"அது எதுக்கும்மா? முடிஞ்சு போன கத."

"துரை பேரு இருந்துச்சு. இப்ப அவுக பேரு வரப்போகுது. நடுவுல இதக் கொண்டாந்து குடுத்தது யாருன்னு வேணாமா? எம் பேரு இல்லாம அவுக பேர எழுதாதீக."

ரோஸ்லின் கெஞ்சினாள். கமிட்டிக்காரர்கள் கூடிப் பேசினார்கள், சாமியாரும் வந்து சொல்லிப் பார்த்தார். அந்த அம்மா பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டு, எழுதினால்தான் எழுந்திருப்பேன் என்றுவிட்டார். வேறு வழியில்லாமல் எழுதினார்கள்.

விழாவுக்கு நானும் போயிருந்தேன். புதுக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் லூர்தம்மாவை ரோஸ்லின் பிடித்து நிறுத்தினாள். முதல் வரியில் சவரிமுத்துவின் பெயர் பெரிதாக, அழகாக எழுதியிருந்தது. இரண்டாவது வரி அதற்கடியில் இருந்தது. அந்த அம்மா குனிந்து, கண்ணைச் சுருக்கி இரண்டையும் வாசித்தார். பிறகு பாக்கியநாதனைத் திரும்பிப் பார்த்தார்.

"எம் பேர மட்டும் ஏன் சின்னதா எழுதியிருக்கீக?" என்றார்.